இழுக்கும் வண்டிக்கும் கழித்தல் கணக்கு உண்டு



கலிபோர்னியாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் போட்ட படத்தைப் பார்த்து, "டீச்சர், அது பஸ்ஸா வீடா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அது மோட்டார் ஹோம். படுக்கை, அடுப்படி, குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டு. பின்னால் ஒரு ட்ரெய்லர், அதன்மேல் கார். பேரப்பிள்ளைகள் போகிற வண்டி என்பதால் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டேன்.

பின்கொக்கி 5,000 பவுண்டு வரை இழுக்கும். ட்ரெய்லரும் காரும் சேர்ந்து 4,800. "இன்னும் 200 மிச்சம் இருக்கு அத்தை" என்றார் மாப்பிள்ளை. ஆனால் இரண்டு வண்டியும் சேர்ந்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று இன்னொரு எல்லையும் உண்டு. இந்த வண்டிக்கு அது 26,000 பவுண்டு. சாமான், தண்ணீர், பெட்ரோல் எல்லாம் நிரப்பி, லாரிகளுக்கான எடைமேடையில் ஏற்றினோம். மோட்டார் ஹோம் மட்டுமே 21,600! கழித்துப் பாருங்கள், 4,400தான் மிச்சம். கொக்கி தாங்கும், வண்டி தாங்காது. எஞ்சின் இழுத்துவிடும்; இறக்கத்தில் பிரேக் நிறுத்த வேண்டுமே!

ஒரு கேலன் தண்ணீரின் எடை 8 பவுண்டுக்கு மேல். தொட்டியில் 60 கேலனைத் திறந்துவிட்டதும் 500 பவுண்டு குறைந்தது. தங்கும் இடத்தில் குழாய் இருக்கிறது, பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, பாரம் வைக்கும் இடம். ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் அழுத்த வேண்டும். அதற்கும் கொக்கியில் ஓர் எல்லை உண்டு. பாரம் பின்னால் போய்விட்டால் ட்ரெய்லர் பாம்பாக நெளியும். அப்போது பதறிப்போய் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்லக் கொடுக்க வேண்டும்.

இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுகிறார்கள். கொக்கி விட்டாலும் ட்ரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அவை தொட்டில்போல் ஏந்திக்கொள்ளும். தனியாக ஒரு கம்பியும் உண்டு. ட்ரெய்லர் அறுந்து ஓடினால் அது இழுபட்டு, ட்ரெய்லர் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். இந்த மாநிலத்தில் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு வேக எல்லை மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர்.

ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் என் பிள்ளைகளே, உங்களை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன். நம் ஊர் ட்ரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. பாரம் முழுக்க டிராக்டரைத்தான் தள்ளும். அதனால் இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம், முன்கூட்டியே சின்ன கியருக்கு வாருங்கள். ரோட்டில் போகும்போது இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டுங்கள். ட்ரெய்லர் மாட்டும் இரும்புப் பின்னுக்குக் கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். கரும்புத் தோகை மறைக்காத இடத்தில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள். இருட்டில் பின்னால் பைக்கில் வருகிறவனும் நம் வகுப்புப் பையனாக இருக்கலாம்.

ஒரு நடை கூடுதலாகப் போனால் டீசல் செலவுதான். பத்திரமாக வீடு வந்து சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்