பிபி நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை நிறுத்திடலாமா?

1/ உங்களுக்கோ வீட்ல யாருக்காவதோ புதுசா பிபி இருக்குன்னு சொல்லியிருக்காங்களா? இந்த இழையை முழுசா படிச்சிடுங்க.

2/ சில வருஷம் முன்னாடி, 44 வயசு ஆட்டோ ஓட்டுநர் ஒருத்தர் வந்தார். பல்லு பிடுங்கப் போன இடத்துல பிபி பார்த்துட்டு அனுப்பி வச்சிருந்தாங்க. 170/110. "தலைவலி, தலைசுத்தல் எதுவுமே இல்லையே சார்"னார். பெரும்பாலானவங்களுக்கு இப்படித்தான், எந்தத் தொந்தரவும் இருக்காது.

3/ ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு பண்றதில்ல. அஞ்சு நிமிஷம் அமைதியா உட்கார வச்சு, வேற வேற நாள்ல பார்ப்போம். தொடர்ந்து 140/90 அல்லது அதுக்கு மேல இருந்தா அது உயர் ரத்த அழுத்தம். அவருக்கு மறுபடியும் அதே அளவு. சர்க்கரை, கிரியாட்டினின், யூரின், இசிஜி பார்த்துட்டு ஆம்லோடிபினும் டெல்மிசார்ட்டனும் ஆரம்பிச்சேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைக்கச் சொன்னேன். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ள இருக்கணும்.

4/ ஆறு வாரத்துல 128/82. "நார்மல் ஆயிடுச்சுங்க"ன்னு சந்தோஷமா சொன்னேன். அதுக்கப்புறம் அவர் வரல.

5/ எட்டு மாசம் கழிச்சு தூக்கிட்டு வந்தாங்க. வாய் கோணி, வலது கை கால் அசையல. பக்கவாதம். மாத்திரை சாப்பிட்டாரான்னு கேட்டேன். "நீங்கதானே சார் நார்மல்னு சொன்னீங்க?"ன்னாங்க அவர் மனைவி. என்கிட்ட பதில் இல்ல.

6/ இறக்கத்துல பிரேக்கை மிதிச்சிருக்கறதாலதான் ஆட்டோ நிக்குது. நின்னுடுச்சேன்னு காலை எடுத்தா? மாத்திரையும் அப்படித்தான். நிறுத்தினா பிபி திரும்ப ஏறும், ஏறுறது உங்களுக்குத் தெரியாது.

7/ "மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்"னு பயப்படறீங்களா? கிட்னியைக் கெடுக்கறது கட்டுப்படாத பிபி. ஆம்லோடிபினால சிலருக்குக் கால் வீங்கும். வந்து சொல்லுங்க, மாத்தித் தரலாம். எடை, உப்பு குறைஞ்சா டோஸைக் குறைக்கவும் வாய்ப்பிருக்கு, ஆனா நீங்களா குறைக்காதீங்க. செலவுதான் பிரச்சினையா? ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். தமிழ்நாட்டுல 2021லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலமா வீட்டுக்கே கொண்டுவந்து தர்றாங்க.

8/ இப்பல்லாம் நான் வெறும் "நார்மல்"னு சொல்றதில்ல. "மாத்திரையோட நார்மல், நிறுத்தாதீங்க"ன்னு சொல்லி, சீட்டுலயும் எழுதிடறேன். அவர் இப்போ கம்பு ஊன்றி நடக்கறார். மாசம் தவறாம மாத்திரை வாங்க வர்றார். ஆட்டோவை மகன் ஓட்டறான்.