மூணு புலி, பதினஞ்சு ஆடு

அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறையில் ஒரு சமையலறையே உருண்டு கிடக்கிறது. அடுப்பு, அம்மி, குடம், திருகை, உரல், எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில். பம்பரமும் கிலுகிலுப்பையும் தனிக் குவியல். செப்புச் சாமானுக்குப் பேர்போன ஊரில் போய் நான் கேட்டது வேறு.

"அண்ணாச்சி, மூணு புலி, பதினஞ்சு ஆடு வேணும்."

"ஆடுன்னா சந்தைக்குல்லா போவணும்" என்றார், உளியை எடுக்காமலே.

விஷயம் இதுதான். பாளையங்கோட்டையில் நாங்கள் சிலர் வருஷத்துக்கு ஒருநாள் கூடி, பகல் முழுக்கப் பலகை விளையாட்டுகள் ஆடுவது வழக்கம். சதுரங்கம் உண்டு, தாயம் உண்டு. நண்பரின் மருமகப்பிள்ளை ஒருவர் பெங்களூரிலிருந்து சிப்பாய்களும் பீரங்கிகளும் நிறைந்த பெட்டியோடு வருவார். பெட்டி திறந்ததும் பிள்ளைகள் மொத்தமும் அந்தப் பக்கம் போய்விடும். ஆடுபுலி ஆட உட்காரும் நாங்களோ புளியங்கொட்டையும் சோடா மூடியும் தேடிக்கொண்டிருப்போம். இந்த முறையாவது காய் கடைந்து வாங்கிவிடுவது என்று முடிவாகி, வேலை என் தலையில் விழுந்தது.

செங்கோட்டை பாசஞ்சரில் கல்லிடைக்குறிச்சி தாண்டி வரும்போதே ஒரு யோசனை ஓடியது. போர் விளையாட்டை நம்பிப் பிழைத்த தொழிலாளிகள் ஐரோப்பாவில் நிறைய. இங்கிருந்து போன சதுரங்கத்தை 1780-இல் ஹெல்விக் என்ற ஜெர்மானியர் நிலப்பரப்பும் பீரங்கியும் சேர்த்துப் பெரிதாக்கினார். 1812-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யர் அரசருக்காக ஒரு போர் மேசையே செய்வித்தார். அவர் மகன் விதிகளைத் திருத்தி 1824-இல் வெளியிட்டபின் அது ராணுவப் பயிற்சியாகவே ஆகிவிட்டது. லண்டனில் பிரிட்டன்ஸ் கம்பெனி 1893 முதல் உள்ளே கூடான ஈயச் சிப்பாய்களை வார்த்து மலிவாக விற்றது. அந்த மாதிரிப் பொம்மைகளை வைத்துத் தரையில் நடத்தும் சண்டைக்கு எச். ஜி. வெல்ஸ் 1913-இல் ஒரு புத்தகமே எழுதினார். அச்சு செதுக்க, ஈயம் ஊற்ற, வர்ணம் பூச எத்தனை கைகள் வேலை செய்திருக்கும்! நம் ஆடுபுலிக்கு ஒரு கையும் தேவைப்படவில்லை. கோயில் மண்டபத் தரையில் யாரோ எப்போதோ கீறிய கோடு, குனிந்தால் கிடைக்கிற கல். காசில்லாமல் ஆட முடிந்ததால்தான் அது ஊரூராய்ப் பரவியது. அதனாலேயே ஒரு கைவினைஞர் வீட்டிலும் அதனால் உலை கொதிக்கவில்லை.

"புலிக்கு வாலு கேப்பீங்களோ?" அண்ணாச்சியின் முதல் சந்தேகம் அது. சுழலும் மரத்தில் உளி வைத்தால் உருண்டைதான் வரும். வால், காது எல்லாம் செதுக்குகிறவர் வேலை. ஆகவே உயரத்தாலும் வரியாலும்தான் புலியைக் காட்ட வேண்டும். அதற்கு ஒத்துக்கொண்டேன். அடுத்து, "கட்டத்தை விரிங்க, பாப்போம்" என்றார்.

துணியில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். ஆடுபுலிக் கட்டத்தில் 23 புள்ளிகள். உச்சியில் ஒன்று, குறுக்குக் கோடுகள் மூன்றிலும் ஆறாறு, அடியில் நாலு. உச்சியிலிருந்து நாலு கோடுகள் விரிந்து இறங்குவதால், முதல் குறுக்குக் கோட்டின் நடுவிலுள்ள நாலு புள்ளிகளும் நெருக்கியடித்து நிற்கும். காம்பஸை வைத்து அளந்தவர், "இங்க முக்கா இஞ்சுதான் கெடக்கு. காயோட அடி இதுக்கு மேல போனா ஒண்ணை ஒண்ணு இடிக்கும்" என்றார். அடி அகலமாக இருக்கும் கீழ்க்கோட்டைப் பார்த்து அளவு சொல்ல வந்திருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது: இந்த ஆட்டத்தில் காயின் பருமனைத் தீர்மானிப்பது உச்சிதான். புளியங்கொட்டையில் ஆடுகிறவருக்கு இந்தக் கவலையே கிடையாது.

முன்பெல்லாம் மஞ்சள் கடம்பு மரம். இப்போது கிடைக்கிற மரத்தில் வேலை. காய்ந்த கட்டையாக ஒன்றைத் தட்டிப் பார்த்து எடுத்து மோட்டாரில் மாட்டினார். ஆடுகளைத் தனித்தனியாகக் கடையவில்லை. ஒரே கோலில் வரிசையாகத் தலையும் கழுத்தும் அடியுமாக ஐந்தைக் கடைந்து, கடைசியில்தான் அறுத்துப் பிரிக்கிறார். பிரிப்பதற்கு முன்பே நிறம். அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால் உரசும் சூட்டில் இளகிப் பற்றிக்கொள்கிறது. மேலே ஓலை நறுக்கை வைத்து அழுத்த, மெருகு ஏறுகிறது. ஆட்டுக்குச் சிவப்பு. வெள்ளை வேண்டாம், நாலு பேர் கை பட்டால் அழுக்காகிவிடும் என்று அவரே தள்ளிவிட்டார்.

புலிதான் பாடுபடுத்தியது. மஞ்சள் பூசிய உடம்பில் கறுப்புக் குச்சியின் விளிம்பால் கண்ணிமைக்கும் நேரம் தொட்டு எடுத்தால் ஒரு வரி. கொஞ்சம் தாமதித்தால் வரி பட்டையாகிவிடும். ஒரு புலிக்கு அப்படி ஆனதும், பேசாமல் அரக்கு முழுவதையும் சீவித் தள்ளிவிட்டு மறுபடி மஞ்சளிலிருந்து ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் ஒருவர் கயிற்றை இழுத்து மரத்தைச் சுழற்ற, மற்றவர் கடைவார்; ஒரு சாமானில் இரண்டு பேர் கூலி. மோட்டார் ஒரு கூலியை மிச்சப்படுத்திவிட்டது. தூள் மட்டும் குறையவில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார், ஆனாலும் பேச்சுக்கு நடுவே இருமல்.

சாப்பாட்டு நேரத்தில் வெள்ளோட்டம். சாமான்களுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர், கையைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நான் ஆடு" என்றார், கேட்காமலே. எனக்குப் புலி. ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக்கூடாது. புலியோ முதலிலிருந்தே உலாவலாம், பின்னால் வெறும் புள்ளி இருக்கிற ஆட்டைத் தாண்டி வெட்டலாம். பார்க்கிறவர்களுக்குப் புலி ஆட்டம் என்றே படும். ஆச்சி ஓரம் பார்த்து இறக்கி, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக முட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தார். ஒரே ஒரு ஆட்டைத்தான் வெட்டக் கிடைத்தது. அதுவும் வேண்டுமென்றே விட்டது என்று பிற்பாடு புரிந்தது. மூன்று புலிகளும் உச்சியருகே முடங்கின.

"ஏலே, இந்தப் புலி என்ன இவ்வளவு ஒசரம்? கை பட்டா சாயுது" என்று அண்ணாச்சியை அதட்டினார் ஆச்சி. "இதுக்குக் கொட்டையே தேவல."

அண்ணாச்சி புலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உயரத்தைக் கால் பங்கு குறைப்பது, கட்டத்தைத் துணிக்குப் பதில் தச்சரிடம் சொல்லிப் பெரிய பலகையில் போடுவது, அப்போது காய்க்கு அடியும் அகலமாக வைக்கலாம் என்று முடிவானது. பிறகு கணக்குக்கு வந்தார். "ஒரு செட்டுக்குன்னா எனக்குக் கட்டாது தம்பி. அளவு மாத்தி மாத்திக் கடையுற நேரத்துல நூறு பம்பரம் போட்டிருவேன். பத்து செட்டாச் சொல்லுங்க."

அங்கேயே நின்று ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். பேரம் பேசினார்கள், பிளாஸ்டிக்கில் வராதா என்றார்கள். பெங்களூர்க்காரர் மட்டும் மறுபேச்சில்லாமல் நாலு செட் கேட்டார். ஆகமொத்தம் எட்டு தேறியது. மீதி இரண்டைக் குற்றாலம் சீசன் கடைக்குப் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அண்ணாச்சி மோட்டாரைப் போட்டார்.