வாய்க்காலா, வடிகாலா?

தன்னார்வலர்கள் 2004 முதல் வரைந்துவரும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில், அரியமங்கலம் வழியே ஓடும் உய்யக்கொண்டானை எச்சொல்லால் குறிப்பது? காவிரி நீரை வயலுக்குக் கொண்டுசெல்வதால் அதன் விதிப்படி 'கேனல்'. கரையோரக் கழிவுநீரை மட்டும் கண்டவர் 'டிரெய்ன்' என்று எழுதிவிடக்கூடும். சோழர்காலப் பாசனக்கால் ஒரு சொல்லில் சாக்கடையாகிவிடும்.

இச்சொற்களின் பொருளை மாற்ற விரும்புவோர் முன்மொழிவை எழுதிப் பொதுவில் வைக்கவேண்டும். கருத்துரைக்கக் குறைந்தது இரண்டு வாரம். பின்பு வாக்களிக்க இரண்டு வாரம். எட்டுப் பேரேனும் ஏற்கவேண்டும். ஏற்போர் 75 விழுக்காடு இருக்கவேண்டும். மறுப்பவர் காரணம் சொல்லவேண்டும். தோற்ற முன்மொழிவும் அழிக்கப்படுவதில்லை.

நமக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இல் குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டிய சபை 921இல் அவற்றைத் திருத்தியது. பழையதைச் செதுக்கி எறியவில்லை. இரண்டையும் இன்றும் அங்கே படிக்கலாம். (தேர்வுபெறும் தகுதி நிலமும் வேதக்கல்வியும் உடையோர்க்கே என்பது வேறு கதை.)

ஆயினும் அக்கல் தமிழ் பேசியது. இம்முன்மொழிவுகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். உய்யக்கொண்டான் கரையில் நடந்து வரைகிற இளைஞருக்கு அவை திறந்திருந்தும் மூடியவையே. எட்டு வாக்கு போதும் என்கிற இடத்தில் இது சிறு குறையன்று. பழைய பொருள், புதிய பொருள், நம்மூரில் எவையெவை மாறும் என்ற மூன்றையும் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் தமிழில் எழுதிவைக்க எண்ணியுள்ளோம். நீர்வழிகளிலிருந்து தொடங்குகிறோம்.