ஏகாதிபத்தியப் புறா

புறாக்களிலே ஒரு சக்கரவர்த்தி உண்டென்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். கோயில் கோபுரத்திலும் பாழுங்கிணற்றிலும் குடியிருக்கும் மாடப்புறாவையே நாம் அறிவோம். குலசேகரன்பட்டினத்துப் பனங்காட்டில் அதைவிடப் பெரிய புறாவைக் காண்பது அரிது. ஆனால் மேற்கே, தாமிரபரணி பிறக்கும் களக்காடு - முண்டந்துறை மலைகளில், ஏறக்குறைய ஒன்றரை அடி நீளமுள்ள புறா ஒன்று வாழ்கிறது. ஆங்கிலேயர் அதற்கு 'இம்பீரியல்' புறா என்று பெயர் சூட்டினர். 1942-ல் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து நின்ற ஊரிலிருந்துகொண்டு அப்பெயரைச் சொல்ல நமக்கு நாக்கூசுகிறது. 1947-ல் ஏகாதிபத்தியம் மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. பட்டம் மட்டும் பறவையின் தலையில் தங்கிவிட்டது! நாம் அதைப் பெரிய மலைப்புறா என்றே அழைப்போம்.

மாஞ்சோலைக்கு மேலே மழைக்காட்டு ஓரத்தில் நாம் நின்ற காலையில், முதலில் காதில் விழுந்தது அதன் குரல்தான். பெரிய பானைக்குள் வாயை வைத்து 'ஊம்... ஊம்' என்றாற்போன்ற ஆழ்ந்த ஓசை. பிறகு மர உச்சியில் பறவை தென்பட்டது. தலையும் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம், முதுகு செம்பு கலந்த பழுப்பு, கால்கள் சிவப்பு. கரிய வாலின் நுனியில் அகன்ற வெளிர்பட்டை ஒன்று இருக்கும். உயரே பறக்கும்போது அந்தப் பட்டையே நல்ல அடையாளம்.

அதே மலையில் வேறொரு பெரிய புறாவும் உண்டு. பம்பாய் கவர்னராயிருந்த எல்பின்ஸ்டனின் பெயரை விஞ்ஞானிகள் அதற்கு இட்டிருக்கிறார்கள். அதன் பிடரியில் சதுரங்கப் பலகைபோலக் கறுப்பும் வெள்ளையும் கலந்திருக்கும். வாலில் வெளிர்பட்டை இராது. பிடரியையும் வாலையும் பார்த்தால் போதும். இரண்டையும் மாற்றிச் சொல்ல இடமில்லை.

"இந்தப் புறா நம் ஊருக்கு வராதே, ஸார்! அதனால் நமக்கு என்ன பிரயோஜனம்?" என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்விதான். இப்பறவை அலகை அகல விரித்து, காட்டு ஜாதிக்காய் போன்ற பெரிய விதைகளையும் முழுதாக விழுங்கிவிடும். பச்சைப்புறாக்களின் இரைப்பை விதையை அரைத்துவிடும். இதன் வயிற்றிலோ சதை மட்டும் ஜீரணமாகும். விதை பழுதின்றித் தாய்மரத்துக்கு அப்பால் போய் விழும். சிறு பறவைகளால் விழுங்க முடியாத விதைகளுக்கு இதுவே வாகனம். அவ்விதம் முளைக்கும் மரங்கள் நிறைந்த காடுதான் மழைநீரைப் பிடித்துவைத்து ஆற்றுக்குச் சிறிது சிறிதாக விடுகிறது. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தென்கால் வழியே திருச்செந்தூர்ப் பக்கத்து வயல்களுக்கு வரும் தண்ணீரில், அந்த மலைப்புறாவின் உழைப்பும் கலந்திருக்கிறது.

இது பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும். ஒன்றைச் சுட்டு வீழ்த்தினால் அந்த நஷ்டம் எளிதில் ஈடாகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. ஆனால் சட்டம் ஒவ்வொரு மரத்தடியிலும் காவல் நிற்க முடியாது. மலைக்குச் செல்லும் அன்பர்கள் துப்பாக்கியையும் கவணையும் மறந்து, குழந்தைகளுக்கு அந்த வால்பட்டையைச் சுட்டிக் காட்டட்டும். பெயர் தெரிந்த பறவையின்மீது கல்லெறியக் குழந்தைகளுக்கு மனம் வராது.