முட்டுக்காட்டில் மர வீடு பார்த்தோம்

திருப்போரூரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு மனை உண்டு. அதிலே மர வீடு கட்டினால் ஏ.ஸி. செலவே இருக்காது என்று என்னவர் பிடிவாதம். "முதல்ல ஒரு மர வீட்டைக் கண்ணால பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றேன்.

அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கோவளம் போய் வடக்கே திரும்பினால் முட்டுக்காடு. அங்கே 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கேரளப் பகுதியில், கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு இருக்கிறது. 1850-ல் கட்டியது. பெரும்பாலும் மரம்தான். உள்ளே நுழைந்ததும் என்ன குளுமை! "பார்த்தியா, நான் சொல்லலே?" என்றார் இவர்.

ஆனால் குளுமைக்குக் காரணம் பலகைச் சுவர் மட்டுமா? மரம் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். காங்கிரீட் ஏறக்குறைய பத்து மடங்கு கடத்தும். அது உண்மைதான். குளிர்நாடுகளில் பருத்த மரத்தடிகளை அடுக்கிக் கட்டுவது உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமலிருக்க. நமக்கோ வெயில் உச்சந்தலையில் இறங்குகிறது. சரிந்த ஓட்டுக் கூரையும், சுவரில் வெயில் படாமல் நீண்ட இறவாரமும், காற்றோட்டமும்தான் பாதி வேலையைச் செய்கின்றன. பலகை இடுக்கில் காற்று புகும் வீட்டில் ஏ.ஸி. போட்டால் கரண்ட் பில்தான் ஏறும்!

மதிப்பு வேறு விஷயம். செங்கல் வீட்டை இடித்தால் பெரும்பாலும் குப்பை. மர வீட்டைப் பிரித்து இன்னொரு ஊரில் மாட்டலாம். அதற்கு அந்த வீடே சாட்சி. ஆனால் அது வயிரம் பாய்ந்த மரத்துக்குத்தான். மலிவு மரத்தைக் கரையான் விடாது. கடல்காற்றில் ஆணியும் துருப்பிடிக்கும்.

மர வீடோ, பழைய மரமோ வாங்கப் போகிற சகோதரிகள் இவற்றைப் பாருங்கள்:

* தூணின் அடி கல்லின்மேல் நிற்கிறதா, மண்ணில் புதைந்திருக்கிறதா?
* தட்டினால் கெட்டியாகக் கேட்கிறதா, பொத்தென்று கேட்கிறதா?
* மூலையில் கரையான் புற்றுக்கோடு ஓடுகிறதா?
* பலகை இணைப்பில் வெளிச்சம் தெரிகிறதா?
* மழைக்கு முன் எண்ணெய் பூசும் செலவைக் கணக்கில் சேர்த்தீர்களா?

கணக்குப் போட்டுப் பார்த்து நாங்கள் முடிவு செய்தது: செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, அகலத் தாழ்வாரம். மரம் தூணுக்கும் கதவுக்கும் மட்டும். மிச்சப் பணம் பெண்ணின் படிப்புக்கு. இவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தாழ்வாரத்தில் தேக்கு ஊஞ்சல் ஒன்று போட்டால் சரியாகிவிடும்!