மூன்று மில்லிமீட்டர்



ஏத்தர் 450 ஸ்கூட்டர் நம் ஓசூரில் உருவாகிறது என்பதை அறிவீர்கள். அதன் மோட்டாரின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது செயின் அன்று, பற்களுள்ள பெல்ட். அதற்கு எண்ணெய் வேண்டாம், ஓசையும் குறைவு. அதைக் கண்டே நம் சபையின் மாணவர் நால்வர், போட்டிக்கான தங்கள் ரோபோவுக்கும் பெல்ட்டைத் தெரிந்துகொண்டார்கள்.

செயினில் ஒரு கண்ணியைக் கழற்றி நீளத்தைக் குறைக்கலாம். இந்தப் பெல்ட்டோ மூடிய வளையம். அதனுள் இருக்கும் கண்ணாடியிழைகள் எளிதில் நீளுவதுமில்லை. ஆகவே இரு அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை முதலிலேயே கணக்கிட வேண்டும். பல்லுக்குப் பல் 5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள 100 பல் பெல்ட்டை, 24 பற்களுள்ள இரண்டு புல்லிகளில் மாட்டினால் அத்தூரம் 190 மில்லிமீட்டர். வரைபடத்தில் அப்படியே எழுதினார்கள். கையால் துளையிட்டபோது தகட்டில் அது 187 ஆயிற்று.

ரோபோ திடீரெனத் திரும்புகையில் தளர்ந்த பெல்ட் பல் தாண்டியது. வெளியே ஓர் உருளையை வைத்து இறுக்கினார்கள். பெல்ட் தந்திபோல் விறைத்தது. பேரிங்குகளின் பாரம் கூடி மோட்டார் சூடேறிற்று. போட்டிக்கு நான்கு நாட்களே இருந்தன.

அவர்களில் ஒருவனுடைய தகப்பனார் சிப்காட்டில் டூல் ரூம் ஊழியர். அவர் இரவு ஷிப்ட் முடித்து வருமுன் மகன் கல்லூரிக்குப் புறப்பட்டிருப்பான். ஒரே வீட்டிலிருந்தும் பேச்சு அற்றுப்போயிருந்தது. நான் அழைத்தேன். சீருடையோடு வந்து வெர்னியரால் அளந்தார். “இறுக்காதே தம்பி, தூரத்தைச் சரிசெய்” என்றார். துளைகளை இருவரும் சேர்ந்து நீளத் துளைகளாக்கி, அச்சை மூன்று மில்லிமீட்டர் நகர்த்தினார்கள். உருளை கழன்றது, அதன்பின் பெல்ட் பல் தாண்டவில்லை.

அந்த வார்த்தை எனக்கே சொல்லப்பட்டதுபோல் இருந்தது. நம் வாலிபரை நான் நெடுநாள் கவனியாமல் விட்டேன்; பின்பு கூட்டத்துக்கு வராதவர்களை எல்லார் முன்பாகவும் கடிந்துகொண்டேன். இருவர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். தளர்த்தியதும் நானே, இறுக்கியதும் நானே.

நேற்று அவர்களில் ஒருவனுடைய வீட்டுக்குச் சென்றேன். வருகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. காபி குடித்தோம். வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

பிரியமானவர்களே, நீங்கள் இறுக்கிக்கொண்டிருப்பது யாரை? இந்த வாரம் அவரிடத்திற்குச் சற்றே நகர்ந்து செல்லுங்கள்.