திரையும் கையும்

விஞ்ஞான ஆய்வுக்கூடம் இன்று கைப்பேசித் திரைக்குள் வந்துவிட்டது. கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘பெட்’ மாதிரிகளில் தனி ஊசலை நிலவின் ஈர்ப்பிலும் ஆட்டலாம். நூலை நான்கு மடங்கு நீட்டினால் அலைவு நேரம் இரு மடங்காவதைக் கண்ணாரக் காணலாம். கருவி வாங்க வசதியற்ற என் போன்றோர்க்கு அது பெரும் வரமே.

ஆயினும் ஆய்வுக்கூடத்தில் 20 அலைவுகளை எண்ணும்போது காற்றில் குண்டு விலகுகிறது. நிறுத்துக் கடிகாரத்தில் விரல் தயங்குகிறது. ஒரே நீளத்துக்கு இரு வேறு அளவுகள் வருகின்றன. ஏன் என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

கொத்தனாரான என் தந்தை, தூக்குக்குண்டின் ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தே சுவரின் நேர் பார்ப்பார். பள்ளி காணாத அவர் கைக்குத் தெரிந்த பொறுமையைத் திரை கற்பிக்காது.

நண்பர்களே! விதியைத் திரையில் காண்போம். செய்முறை வகுப்பை மட்டும் அதற்கு ஈடாக விட்டுக்கொடுக்க வேண்டாம்.